சுராங்கனி மலையேறிய கதை

மலையகம் கேட்ட பாட்டுகள் – 12

சென்ற இதழில் காமன் கூத்து மேடையில் காமன் எரிந்தான் என்ற எரிந்த கட்சியும் எரியவில்லை என்ற எரியாத கட்சியும் விடிய விடிய லாவணி பாடி வாதாடியதைப் பார்த்தோம். அது நம் பாட்டன் பூட்டன் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த சொத்து. இந்த இதழில் பேசப்போவது தோட்டத்து லயத்தில் பிறக்காத ஒரு பாட்டைப் பற்றி. கரையோரத்துத் தாளத்தில் பிறந்து, ரயிலிலும் ரேடியோவிலும் மலையேறி, தெமோதரை, உடுவர, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களின் கல்யாணப் பந்தலிலும் திருவிழா லவுட்ஸ்பீக்கரிலும் சுற்றுலா பஸ்ஸிலும் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்ட பாட்டு. சுராங்கனி.

இந்தப் பாட்டைக் கேட்காமல் வளர்ந்த மலையகத்தார் அரிது. ஆனாலும் நம் கலை வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. கூத்தடிக்கிற நேரத்தில் பாடும் பைலா என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கப்பலில் ஏற்றப்பட்ட மக்களின் தாளம் எப்படிக் கரை விட்டுக் கரை போகிறது, யார் வாயில் புகுந்து யார் பெயரில் வெளிவருகிறது, யாருக்கு மைக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்ற கேள்விகளோடு இந்தப் பாட்டின் வழியே நடந்து பார்த்தால், ஒதுக்க முடியாத வரலாறு ஒன்று தெரியவரும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகள் கடந்துவந்த வழியும் ஏறக்குறைய இதுதான்.

கடல் வழி வந்த தாளம்

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். அவர்கள் ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிகளிலிருந்து அடிமைகளாகவும் படையாட்களாகவும் மக்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். பின்னால் வந்த ஒல்லாந்தரும் அதையே செய்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஆப்பிரிக்கர்களைக் கொண்டு தனிப் படைப்பிரிவே இயங்கியது. கண்டி ராச்சியத்துக்கு எதிரான போரில் அவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள். படைப்பிரிவு கலைக்கப்பட்ட பிறகு பலர் புத்தளம் பக்கத்தில் குடியேறினார்கள். அவர்கள் வழிவந்த சிறிய சமூகம் இன்றும் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்கிறது.

அந்த மக்கள் 'மாஞ்சா' என்று ஓர் ஆட்டப்பாட்டு வைத்திருக்கிறார்கள். பெரிய வாத்தியம் எதுவும் வேண்டாம். தேங்காய்ச் சிரட்டை இரண்டு, ஒரு கண்ணாடிப் போத்தல், அதில் தட்ட ஒரு கரண்டி, ஒரு ரபான். பாட்டு மெதுவாகத் தொடங்கும். வரிகள் குறைவு. அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். தாளம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஏற ஏறத் தோளும் இடுப்பும் தாமாக அசையத் தொடங்கும். ஒரு கட்டத்தில் பாட்டு நின்று தாளமே பாட்டாகிவிடும். பாடும் மொழியில் பாதிக்கு இன்று பொருள் சொல்ல ஆளில்லை. தாளம் மட்டும் ஒரு சொட்டும் சிந்தாமல் தலைமுறை தாண்டியிருக்கிறது.

மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் ஆடப்படும் கபரிஞ்ஞாவும் இதே ஊற்றிலிருந்து வந்ததுதான். போர்த்துக்கேய மெட்டும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்த ஆட்டம் அது. ஆறு அடிகள் மூன்று மூன்றாகப் பிரிந்து உருளும் அந்த நடையை நம் வித்துவான்கள் திஸ்ரம் என்பார்கள். கால் சும்மா இருக்க விடாத நடை.

இந்தத் தாளத்தைக் கரையோரச் சிங்கள மக்கள் எடுத்துக்கொண்டபோது பைலா பிறந்தது. முதலில் அது வாதப் பாட்டாக இருந்தது. இரண்டு பேர் மேடையில் எதிரெதிரே நின்று, கொடுத்த பொருளில், கொடுத்த மெட்டில், அந்தக் கணத்தில் அடி கட்டிப் பாடி ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். காமன் கூத்து லாவணிக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். கடற்கரையில் ஒருவர், மலையில் ஒருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கலையை வளர்த்திருக்கிறார்கள். எழுத்து கைக்கு எட்டாத இடத்தில் மனிதர் தம் அறிவைக் காட்டப் பாட்டையே களமாக்கிக்கொண்டார்கள்.

வாதப் பாட்டாக இருந்த பைலாவை எல்லாரும் சேர்ந்து பாடும் கோரஸ் பைலாவாக மாற்றியவர் வாலி பஸ்தியன் (1913–1985). பொலிசில் வேலை பார்த்தவர். 1940களில் தொடங்கிய அவருடைய பாட்டுகள் இசைத்தட்டிலும் ரேடியோவிலும் ஏறி நாடெங்கும் பரவின. அவருக்குப் பின் எம்.எஸ். பெர்னாண்டோ, அன்ரன் ஜோன்ஸ், டெஸ்மன்ட் டி சில்வா என்று ஒரு பெரிய வரிசையே வந்தது. 1960களில் இன்னொரு காற்றும் அடித்தது. கரீபியன் தீவுகளின் கலிப்சோ. ஹாரி பெலபோன்ரே 1956இல் வெளியிட்ட 'கலிப்சோ' இசைத்தட்டு உலகையே ஆட்டிவைத்தபின், இங்கேயும் நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ் போன்ற குழுக்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. கரீபியனில் கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் உருவாக்கிய இசை, இங்கே அதே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறொரு தாளத்தோடு கைகோத்தது.

தெமோதரைக்கு வந்த வழி

பதுளை வரையான ரயில் பாதை 1924 ஏப்ரல் 5ஆம் திகதி திறக்கப்பட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே இரும்புத் தூண் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பிய ஒன்பது வளைவுப் பாலத்தை இப்போது உலகமே வந்து படம் பிடிக்கிறது. தெமோதரை நிலையத்தின் அதிசயம் அதைவிடப் பெரிது. எல்லவிலிருந்து வரும் ரயில் நிலையத்தில் நின்று புறப்பட்டு, குன்றைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்து இறங்கி, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைப் பக்கம் போகிறது. சரிவை ஒரேயடியாக இறங்க முடியாத இடத்தில் பாதை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு இறங்குகிறது.

தேயிலைப் பெட்டி ஏற்றவே இந்தப் பாதை போடப்பட்டது. பாட்டும் அதில்தான் வந்தது. தெற்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மலை பார்க்க வரும் இளவட்டங்கள் பெட்டியில் ஏறியதுமே பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் கையில் ரபான் இருக்கும். இல்லாவிட்டால் தகர டின், சீற்றின் பலகை, இரண்டும் இல்லாவிட்டால் வெறும் உள்ளங்கை. ஒரு ஆள் அடி எடுத்துக் கொடுப்பார், பெட்டி முழுக்க வாங்கிப் பாடும். சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் பாட்டு இரட்டிப்பாகும். இருட்டில் கூச்சல், கைதட்டு, சில்லின் சத்தம் எல்லாம் சேர்ந்து சுவரில் மோதித் திரும்பும். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தால் இரண்டு பக்கமும் தேயிலை. கூடையைச் சுமந்தபடி மலையில் நிற்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பாட்டு அப்படியும் இறங்கியது லயத்துக்கு.

ரயிலைவிடப் பெரிய வழி ரேடியோ. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் றேடியோ சிலோன் ஆனது. 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்றது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் கடல் தாண்டித் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட காலம் அது. தோட்டங்களில் பல லயங்களுக்கு மின்சாரம் வராத காலமும் அதுவே. பற்றரியில் ஓடும் டிரான்ஸிஸ்டர் லயத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்த வீட்டு இஸ்தோப்பில்தான் மற்றக் காம்பராக்காரர்களும் வந்து குந்துவார்கள். பற்றரி சோர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுக் கேட்பார்கள். நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதிப் போட்டுவிட்டுத் தம் பெயரும் தோட்டத்தின் பெயரும் வாசிக்கப்படுமா என்று காத்திருப்பார்கள். நாட்டின் வாக்காளர் பட்டியலில் இடம் மறுக்கப்பட்ட மக்களுக்குத் தம் பெயர் நாடறிய ஒலித்த இடம் ரேடியோ ஒன்றுதான்.

மனோகரனின் குரல்

1960களின் பிற்பகுதியில் இலங்கைத் தமிழில் பொப் இசை என்று ஒரு புது அலை கிளம்பியது. கிட்டாரை எடுத்துக்கொண்டு, கள்ளுக்கடையையும் மாமியையும் ஊர்ப் பேச்சில் பாடிய நித்தி கனகரத்தினம் முதலில் கதவைத் திறந்தார். அவருக்குப் பக்கத்தில் ஏ.ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், எம்.பி. பரமேஷ், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன் என்று பலர் எழுந்தார்கள். 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இவர்களுக்கு உதவின. வெளியிலிருந்து வரும் சரக்கு குறைந்தபோது உள்ளூர்க் கலைஞருக்கு மேடையும் ஒலிபரப்பு நேரமும் கூடின. உள்ளூர்த் தமிழ்ப் படங்களும் இதே காலத்தில்தான் பெருகின. மலையகத்தைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 'புதிய காற்று' படத்தை 1975இல் எடுத்தார். 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் மனோகரனே நடித்தார்.

இந்த அலையில் எல்லாரையும் விட உயர எழும்பியவர் மனோகரன். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று பட்டம் பெற்றவர். மேடையில் ஆடிக்கொண்டே பாடுவார். சனத்தைப் பாட வைப்பார். 'சுராங்கனி' அவர் குரலோடு ஒட்டிக்கொண்டது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று கூப்பிடும் சிங்களப் பல்லவியை வைத்துக்கொண்டு, நடுவில் தமிழில் அடிகளைக் கோத்துப் பாடினார். பாட்டின் கட்டு அதற்கு இடம் கொடுக்கிறது. பல்லவி எல்லாருக்கும் தெரியும். அடிகள் பாடுகிறவர் விருப்பம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்யலாம், பஸ்ஸில் டிரைவரைச் சீண்டலாம். யாரும் உள்ளே வரலாம், யாரும் ஓர் அடி போடலாம்.

தமிழையும் சிங்களத்தையும் ஒரே மூச்சில் பாடும் இந்தப் பாட்டு வேறெங்கையும்விட மலையகத்தில் நன்றாக ஊன்றியதற்குக் காரணம் இருக்கிறது. பதுளைக் கடைத்தெருவில் சிங்களம் பேசி, தோட்டத்துக்குத் திரும்பித் தமிழ் பேசுகிற மக்களுக்கு இரண்டு பாதியும் முழுசாகப் புரிந்தன. யாழ்ப்பாணத்தில் பலருக்கு ஒரு பாதிதான் புரிந்தது. கொழும்பில் பலருக்கு மற்றப் பாதிதான் புரிந்தது. தெமோதரைச் சந்தியில் இந்தப் பாட்டு முழுப் பாட்டாகக் கேட்கப்பட்டது.

சென்னையில் சுராங்கனி

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படம் வெளியானது. இசை இளையராஜா. 'அன்னக்கிளி' வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் படத்தில் சுராங்கனியை அவர் சேர்த்தார். பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். இந்த ஒலிப்பதிவுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். இசையமைப்பாளர், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து, தெருமுனை மேடைகளில் அண்ணன் பாவலர் வரதராசனுடன் பாடி வளர்ந்தவர். பாடகர், மலேசியாவில் பிறந்து வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்தவர். பாட்டு, ஆப்பிரிக்கரும் போர்த்துக்கேயரும் சிங்களவரும் தமிழரும் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தது. பாதி உலகம் சுற்றிய தாளம் ஒன்று சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் சில நிமிடங்களுக்குள் அடங்கியது.

அந்தப் படத்தை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பாட்டு அப்படியில்லை. தமிழ்நாட்டின் பொங்கல் விழாக்களிலும் கல்லூரிச் சுற்றுலாக்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே பாடுகிறவர்களில் பலருக்குப் பல்லவியின் பொருள் தெரியாது. பொருள் தெரிந்து கேட்ட ஒரு கூட்டம் மட்டும் அன்று தமிழ்நாட்டில் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மனோகரனும் சென்னைக்கே போய்ச் சேர்ந்தார். தமிழ்நாடு அவரைச் சிலோன் மனோகர் என்று அழைத்தது. தமிழிலும் மலையாளத்திலும் பல படங்களில் வில்லனாக நடித்தார். 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார். அஞ்சலிச் செய்திகளில் அவர் நடித்த படங்களுக்கு முன்னால் சுராங்கனியின் பெயர்தான் வந்தது.

அமெரிக்காவில் ஒரு பாட்டு

பாட்டு கைமாறும்போது என்ன நடக்கிறது என்பதை இன்னும் தெளிவாகப் பார்க்க ஒரு அமெரிக்கப் பாட்டைச் சொல்லியாக வேண்டும். 'ஹவுண்ட் டோக்'. ரிதம் அண்ட் புளூஸ் என்றதுமே நினைவுக்கு வரும் பாட்டுகளில் ஒன்று. பருத்தித் தோட்டங்களில் உழைத்தவர்களின் புளூஸ், நகரத்துக்கு வந்து மின்சாரக் கிட்டாரும் டிரம்மும் சேர்ந்து உரக்க ஒலித்தபோது உருவான இசை அது. கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளை இனப் பெயரால் தனியே ஒதுக்கிப் பட்டியலிட்டுக்கொண்டிருந்த 'பில்போர்ட்' பத்திரிகை, 1949இல்தான் அந்தப் பட்டியலுக்கு ரிதம் அண்ட் புளூஸ் என்று பெயரை மாற்றியது.

ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற 19 வயது இளைஞர்கள் இருவர் எழுதிய 'ஹவுண்ட் டோக்' பாட்டை 1952 ஆகஸ்ட் 13இல் லொஸ் ஏஞ்சலிஸில் பாடிப் பதிந்தவர் பிக் மாமா தோர்ன்டன். அலபாமாவில் ஒரு போதகர் வீட்டில் பிறந்த கறுப்பினப் பெண். ஏமாற்றித் திரியும் ஓர் ஆணை வாசலிலேயே நிறுத்தி வெளுத்து வாங்குகிற பெண்ணின் குரல் அந்தப் பாட்டு. ஜொனி ஓட்டிஸின் குழு பின்னால் வாசிக்க, பீட் லூயிஸின் கிட்டாரோடு அவர் உறுமிக்கொண்டே பாடினார். 1953இல் பீகொக் கம்பெனி வெளியிட்டதும் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. உடனே மெம்பிஸில் ரூபஸ் தோமஸ் அந்தப் பெண்ணுக்கு ஆண் பதில் சொல்வதாக 'பெயார் கெட்' என்ற பாட்டை வெளியிட்டார். நம் லாவணி மேடையில் எதிர்க்கட்சி எழுந்து பதில் அடி எடுப்பதும் இதுவும் ஒரே இனம். ஆனால் அங்கே மெட்டுக்கு உரிமையாளர் இருந்தார். பீகொக் கம்பெனி வழக்குப் போட்டு வென்றது.

1955இல் பிரெடி பெல்லின் குழு சொற்களை மாற்றி, வேகத்தைக் கூட்டி இதைப் பதிந்தது. அந்தக் குழு லாஸ் வேகாஸில் வாசித்ததைக் கேட்ட எல்விஸ் பிரெஸ்லி, 1956 ஜூலை 2ஆம் திகதி நியூயோர்க்கில் 31 தடவை பாடிப் பாடித் தன் பதிவை முடித்தார். உலகம் முழுக்கப் பல இலட்சம் தட்டுகள் விற்றன. பெண்ணின் கோபம் அதில் இல்லை. நாயைப் பார்த்துப் பாடும் துள்ளல் பாட்டாக அது மாறிவிட்டிருந்தது. எல்விஸ் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டுக்கு உயிர் கொடுத்த தோர்ன்டன், தனக்குக் கிடைத்தது 500 டொலர் காசோலை ஒன்றுதான் என்று சொன்னார். உலகம் எல்விஸின் பெயரைத்தான் அந்தப் பாட்டோடு சேர்த்து வைத்தது.

ஒலிப்பதிவு பாட்டைக் காப்பாற்றுகிறது. அதே நேரம் அதை ஒரு பெயருக்கு எழுதிக் கொடுக்கிறது. தோர்ன்டனின் பதிவு இருப்பதால்தான் இன்று நாம் அவருக்காக வழக்காட முடிகிறது. பதிவே இல்லாமல் போனவருக்காக யார் வழக்காடுவது?

ஒப்பாரிக் கோச்சி

சுராங்கனி ரேடியோவில் துள்ளிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகள் பதுளைப் பக்கத்து ஊவாத் தோட்டங்களுக்கு எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த மக்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பட்டினி லயங்களில் உயிர்களை வாங்கியது.

இந்தியாவுக்குப் போக எழுதப்பட்டவர்கள் மலைநாட்டிலிருந்து ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். வழியனுப்ப நிற்பவரும் போகிறவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. சுற்றுலாக்காரர் பைலா பாடி இறங்கிய அதே ஸ்டேசன்களில்தான் இந்த ஒப்பாரியும் எழுந்தது. அண்ணன் ஒரு கரை, தங்கச்சி ஒரு கரை என்று பிரிந்த குடும்பங்கள் ஊவாவில் எத்தனையோ.

அப்படிப் போனவர்கள்தாம் நான் முன்னே சொன்ன கூட்டம். நீலகிரியிலும் மற்ற இடங்களிலும் தாயகம் திரும்பியோர் என்ற முத்திரையோடு குடியேறிய மக்கள். 1977இல் சினிமாப் பாட்டாக சுராங்கனி ஒலித்தபோது, பல்லவியைப் பொருளோடு கேட்டவர்கள் அவர்கள். தமிழ்நாட்டுக்கு அது வெளிநாட்டுத் துள்ளல். அவர்களுக்கு அது விட்டுவந்த சந்தியின் பேச்சு.

அதே 1977 ஆகஸ்டில் இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. தோட்ட மக்களும் தாக்கப்பட்டார்கள். 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரம் எரிந்தது. அன்று மாலைக்குள் தீ ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை வரை பரவியது. இரண்டு மொழியையும் ஒரு மெட்டில் வைத்த பாட்டைச் சேர்ந்து பாடிய ஊரில் இது நடந்தது. பாட்டால் அதைத் தடுக்க முடியவில்லை. பாட்டுக்கு அந்தச் சுமையை ஏற்றுவதும் நியாயமில்லை. ஆனாலும் அந்தத் தீக்குப் பிறகும் பதுளை பஸ்ஸிலும் ரயிலிலும் இரு தரப்பு இளையோரும் சேர்ந்து பாடத் தயங்காத பாட்டுகளில் ஒன்றாக சுராங்கனி இருந்துவந்திருக்கிறது. அந்த அளவுக்கு அது இந்த மண்ணுக்கு நன்மை செய்திருக்கிறது.

மைக் கிடைக்காத தாளம்

இசைத்தட்டு, ரேடியோ, சினிமா, கசெட் என்று சுராங்கனிக்கு மைக் திரும்பத் திரும்பக் கிடைத்தது. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது கசெட் ரெக்கோர்டர்கள் வந்து குவிந்தன. பின்னர் இணையம் வந்தது. 2021இல் யொஹானியும் சதீஷனும் பாடிய 'மெனிக்கே மகே ஹித்தே' என்ற சிங்களப் பாட்டு இந்தியாவெங்கும் பரவிப் பல மொழிகளில் மறுபடி பாடப்பட்டபோது, சுராங்கனி போட்ட தடத்தில் இன்னொரு பாட்டு நடந்ததை நாம் கண்ணெதிரே பார்த்தோம்.

நம் தப்புப் பறைக்கு என்ன கிடைத்தது? விடியற்காலை ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்த பெரட்டுத் தப்பு, சாமி ஊர்வலத்துத் தப்பு, சாவு வீட்டுத் தப்பு, காமன் கூத்தில் ரதி மன்மதனை ஆடவைக்கும் தப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி அடி. குச்சியால் வைக்கோலைக் கிளறி நெருப்பில் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, சுருதி சேர்ந்ததும் தோளில் மாட்டுகிற அந்தக் கலைஞர்கள் கரையோரத்துப் பைலாக்காரருக்கோ மெம்பிஸ் கிட்டார்க்காரருக்கோ குறைந்தவர்களல்லர். சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்துக் கொடுத்ததால் பாட்டின் சொற்களில் ஒரு பகுதி தப்பியது. அச்சுப் புத்தகத்தால் அடியைக் காப்பாற்ற முடியாது. எத்தனையாவது தட்டில் கை நிற்கிறது, எங்கே இரட்டிக்கிறது என்பதைக் காதுதான் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. தப்படிப்பதைச் சாதியின் கடமையாக்கி, அடிப்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது நம் சமூகம்தான். அந்த அவமானத்தை உதறத் தப்பையே கீழே வைத்தவர்கள் உண்டு. அவர்கள் செய்தது சரி. கலையைக் காப்போம் என்று சொல்லி அவர்களை மறுபடி சாவு வீட்டுக்கு அழைக்க யாருக்கும் உரிமையில்லை. பதிவு செய்யப் போகிறவர் முதலில் கலைஞரை நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும். கூலி பேசிக் கொடுக்க வேண்டும். அவருடைய பெயர், தோட்டம், யாரிடம் பழகினார், இந்த அடிக்கு அவர் சொல்லும் பெயர் என்ன என்று எல்லாவற்றையும் பதிவிலேயே அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். பதிவின் ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். பெயரில்லாத பதிவு நாளைக்கு வேறொருவர் பெயரில் வெளிவரும். தோர்ன்டனின் கதை நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்.

இன்று இதற்குக் கொழும்புக் கம்பெனியும் வேண்டாம், சென்னைக் கூடமும் வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. மாசி மாதம் காமன் ஊன்றும் நாளிலிருந்து எரிக்கும் நாள் வரை ஒரு தோட்டத்தில் யாராவது இருவர் முறைவைத்து உட்கார்ந்தால் போதும். பதுளை, பண்டாரவளைப் பாடசாலை ஆசிரியர்கள் உயர்தர மாணவர்களுக்கு இதை வேலையாகக் கொடுக்கலாம். தெமோதரைப் பக்கத்தில் பெரட்டுத் தப்பைக் காதால் கேட்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாயால் சொல்லிக் காட்டும் தாளத்தையாவது இந்த ஆண்டே பதிந்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுத்தான் இவ்வளவையும் இழந்தோம்.

அடுத்த இதழில்: 1930களில் கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், கூட்டம் தொடங்கும் முன் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சி அம்மாள்.

(தொடரும்)